மலைகளும் மறைந்த மனிதரும்
லயனல் வென்ட்டின் புகைப்படக் கலை பற்றி ஒரு நோக்கு

இயற்கைக் காட்சியைப் பொருளாகக் கொண்ட கலைக்கும் வர்க்கச் சார்பு உண்டா என்று கேட்டால் நம்மிற் பலர் நகைப்பர். மலைக்கு வர்க்கம் ஏது, மேகத்திற்குச் சாதி ஏது என்பர். கதையிலும் கவிதையிலும் சமுதாயப் பிரக்ஞை வேண்டுமென ஓயாது வாதிடும் நண்பர்கள்கூட, அழகிய மலையொன்றின் புகைப்படத்தைக் கண்டதும் அவ்வாதத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிடுகின்றனர். எழுத்தாளன் சொல்லைத் தேர்கிறான்; ஆதலால் அவனுக்குச் சார்பு உண்டு; கமராவோ இருப்பதைக் காட்டுகிறது; ஆதலால் அதற்குச் சார்பு இல்லை என்பது அவர்களது எண்ணம். அதிலும் வண்ணம் எதுவும் கலவாத கறுப்பு வெள்ளைப் படம் என்றால், அது உண்மையின் சாட்சியாகவே கொள்ளப்படுகிறது.

இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இலங்கையின் தலைசிறந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட்டின் வாழ்வையும் ஆக்கங்களையும் எடுத்துக்கொள்வோம். அவர் கொழும்பிலே பிறந்து கொழும்பிலே மறைந்தவர். எனினும் கண்டியின் ஆட்டம், கண்டிச் சீமையின் கிராமம், மலைநாட்டு மக்களின் உடலழகு என்பன அவருடைய கலையில் பெற்ற இடம் பெரிது. கண்டியைச் சூழ வாழும் நமக்கு, அவர் எதைக் கண்டார் என்பதைப் போலவே எதைக் காணவில்லை என்பதும் முக்கியமானதாகும்.

வென்ட்டை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன் இம்மலைகளைப் படமெடுத்தவர்களை ஒருகணம் நோக்குதல் வேண்டும். 1860களின் பிற்பகுதியில் ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் கண்டியிலே தொழில் நடத்தினார். 1870-71 ஆம் ஆண்டுகளில் அரசின் தொல்பொருட் குழுவுக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தவர் இவரே. இவரையடுத்து, 1870களில் சார்ல்ஸ் ஸ்கோவன் கண்டியில் தம் படநிலையத்தை நிறுவினார். கண்டி வாவி, பேராதனைப் பூங்காவின் மரங்கள், கடுகண்ணாவைக் கணவாய், புதிதாய் எழுந்த தோட்டங்கள் முதலியனவே இக்காலத்துப் படநிலையங்களின் விற்பனைப் பொருள்கள். தோட்டத் துரைமாரும் கப்பலில் வந்திறங்கிய பயணிகளும் அவற்றை வாங்கித் தோலட்டை போட்ட ஆல்பங்களில் ஒட்டித் தாயகத்துக்குக் கொண்டு சென்றனர்.

அந்நாளிற் படமெடுத்தல் எளிய காரியமன்று. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவில் இட்டுப் படமெடுத்து, அவ்விடத்திலேயே கூடாரத்தின் இருளில் அதனைக் கழுவியாக வேண்டும். கமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், கூடாரம், நீர் எல்லாம் மலையேற வேண்டும். அவற்றைச் சுமந்து ஏறியவர் யார்? 1860களில் இமயமலையைப் படமெடுத்துப் புகழ்பெற்ற சாமுவேல் போர்ண் பல பத்துச் சுமைகாரரை உடன் கொண்டு சென்றார். அவர்கள் முதுகு வளைந்திராவிட்டால் அப்படங்கள் இல்லை. ஆயினும் பனிமலையின் தனிமை என்று நாம் வியக்கும் அப்படங்களில் அச்சுமைகாரரைக் காண்பது அரிது. இயற்கைக் காட்சிப் படத்தின் பிறப்பிலேயே மறைக்கப்பட்ட உழைப்பு ஒன்று உண்டு.

கண்டியைப் பொறுத்தவரை விடயம் இதனிலும் ஆழமானது. இங்கே சுமையை மட்டுமன்றிக் காட்சியையே மனித உழைப்புத்தான் உண்டாக்கியது. ஆயிரமாயிரம் படங்களில் இடம்பெற்ற கண்டி வாவி இயற்கையான ஏரியன்று. கடைசிக் கண்டியரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1812 ஆம் ஆண்டளவில், இராஜகாரியம் எனும் கட்டாய ஊழியத்தைக் கொண்டு, வயல்நிலத்தில் அணைகட்டி ஆக்கியது அது. 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை மலையைக் குடைந்து வந்தது. அதே 1867 இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், அத்தேயிலையே மலைகளை மூடிற்று. காடழித்தல், கல்லடுக்கி மண்ணைக் கட்டுதல், கான் வெட்டுதல், முள்ளுக் குத்துதல், கவ்வாத்து வெட்டுதல், கொழுந்தெடுத்தல் என்று தலைமுறை தலைமுறையாக நடந்த வேலையின் வடிவமே இன்று நாம் காணும் மலைச்சரிவு. சமமாக வெட்டப்பட்ட அப்பச்சைப் பரப்பைக் கண்டு “இயற்கையின் எழில்” என்போர், கவ்வாத்துக் கத்தி பிடித்த கையை மறந்தவரே.

ஸ்கோவன் காலத்துப் படங்களில் மனிதர் இல்லையென்பது இதன் பொருளன்று. இருக்கின்றனர், ஆனால் எவ்வாறு? பாறையின் பருமனையும் மரத்தின் உயரத்தையும் அளக்கும் அளவுகோலாக ஒருவன் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருப்பான். அல்லது, பெயரில்லாமல் “தமிழ்ப் பெண்”, “கண்டிச் சிங்களவர்” என்ற வகைப்பெயரோடு, பூச்சிகளைக் குத்திவைத்த பேழை போல, ஒரு வரிசையில் இடம்பெறுவான். ஆள்பவனின் கண் இவ்விரண்டு இடங்களையே ஆளப்படுபவனுக்கு அளித்தது.

இவ்வேளையில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரை நினைவுகூராதிருக்க முடியாது. இங்கிலாந்தின் அறிஞர் பலரைப் படமெடுத்துப் பெரும்புகழ் பெற்ற இவர், 1875 இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879 ஜனவரியில் மலைநாட்டில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன் சாதாரணமானவர் அல்லர். இராஜகாரியத்தை ஒழித்து, இலங்கையை ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவந்த 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களில் கோல்புறூக்குடன் பெயர் இணைந்தவர் அவர். அவரே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளராயினார். கட்டாய ஊழியத்தை ஒழித்த சட்டமும், கூலி உழைப்பில் ஓங்கிய தோட்டமும், அத்தோட்டத்து மக்களைப் படமெடுத்த கமராவும் ஒரே குடும்பத்தில் இருந்தன. அம்மையார் இங்கே எடுத்தவற்றுள் எஞ்சிய சில படங்களில் பெயரற்ற உழைப்பாளரின் முகங்கள் உண்டு. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்த உழைப்பாளரின் முகங்களுக்கு இல்லை. ஒரே கலைஞர், ஒரே கமரா. வேறுபட்டது எதிரில் நின்றவரின் சமுதாய நிலையே.

இந்தப் பின்னணியில் வைத்து நோக்கினாலன்றி லயனல் வென்ட்டின் சாதனை விளங்காது.

வென்ட் 1900 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தை பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த உயர்நீதிமன்ற நீதியரசர். தாய் செல்வாக்குமிக்க சிங்களக் குடும்பத்தவர். இலண்டனில் சட்டம் பயின்றார். அங்கேயே றோயல் இசைக் கழகத்திற் பியானோவும் பயின்றார். 1924 இல் நாடு திரும்பியபின் சட்டத்தைக் கைவிட்டு இசையையே தொழிலாகக் கொண்டார். 1930களின் தொடக்கத்திலேதான் புகைப்படக் கலையில் முழுமூச்சாக இறங்கினார். 1938 இல் இலண்டனில் அவருடைய தனிக்கண்காட்சி நடைபெற்றது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், மஞ்சுசிறீ முதலிய ஓவியர்கள் கூடி 1943 இல் அமைத்த ‘43 குழு’ அவருடைய இல்லத்திலேயே உருவாயிற்று. தமிழரான எஸ். ஆர். கனகசபை அக்குழுவின் நிறுவக உறுப்பினருள் ஒருவர் என்பதை நம்மவரே மறந்துவிட்டனர். மறு ஆண்டு, 1944 டிசம்பர் 19 ஆம் திகதி, நாற்பத்து நான்கே வயதில் வென்ட் காலமானார். அவர் எடுத்தவற்றின் நெகற்றிவ்கள் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கைப்பட அச்சிட்ட படங்களே இன்று எஞ்சியுள்ளன.

பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் அவர் செய்தது என்ன? முதலாவதாக, அளவுகோலாக ஓரத்தில் நின்ற மனிதனைப் படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார். வலையிழுக்கும் மீனவன், வயலில் நிற்கும் உழவன், தறியில் அமர்ந்த பெண், குளத்தில் நீராடும் இளைஞன் ஆகியோர் அவருடைய படங்களில் வகைமாதிரிகள் அல்லர். ஒவ்வொருவருக்கும் தனியான நிற்கும் விதம் உண்டு, தனியான பார்வை உண்டு. கரிய மேனியை வெளுப்பிக்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை. கருமையில் எத்தனை படிநிலைகள் உண்டோ அத்தனையையும் ஒளியால் எடுத்துக்காட்டினார். ஆளும் இனத்தின் தோல் நிறமே அழகின் அளவு என்று பள்ளிக்கூடம்வரை போதிக்கப்பட்ட காலத்தில், இது சிறிய செயலன்று.

இரண்டாவதாக, புகைப்படம் இருப்பதை அப்படியே காட்டும் பொறி என்னும் மயக்கத்தை அவர் உடைத்தார். பாரிசில் மான் ரே முதலியோர் கையாண்ட முறைகளை அவர் அறிந்திருந்தார். கழுவும்போது படத்தின்மீது மீண்டும் ஒளியைப் பாய்ச்சி, உருவின் ஓரங்களில் கோடு எழச் செய்தார். இரண்டு மூன்று படங்களை ஒன்றாய் இணைத்தார். கமராவே இன்றிப் பொருள்களைத் தாளின்மேல் வைத்து ஒளியால் உருவெழுதினார். படம் என்பது ஆக்கப்படுவது என்பதை அவருடைய படங்கள் மறைப்பதில்லை. சார்பற்ற கமரா என்ற கொள்கைக்கு இதனைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை. அதுவும் கலை கலைக்காகவே என்போர் போற்றும் ஒருவரிடமிருந்தே வருகிறது!

மூன்றாவதாக, கண்டி ஆட்டத்திற்கு அவர் ஆற்றிய பணி. ஆங்கிலம் கற்ற கொழும்பு மேற்குடியினர் சுதேசக் கலைகளை ஏளனம் செய்த காலம் அது. வெஸ் முடி தரித்து ஆடும் இவ்வாட்டம் கொஹொம்பா கங்காரிய என்ற சடங்கோடு பிணைந்தது. ஆடியவர்கள், பறையறைதலைக் குலத்தொழிலாக உடைய பெரவா சாதியினர். நிலவுடைமைச் சமுதாயத்தில் இவ்வாட்டம் அவர்களுக்குக் கலையாகவும் கடமையாகவும் இருந்தது. நித்தவெல குணாயா, அமுணுகம சுரம்பா போன்ற பரம்பரைக் கலைஞரின் பெயர்கள் தலைநகரில் மதிப்போடு உச்சரிக்கப்படத் தொடங்கிய காலத்தில், அம்மாற்றத்துக்காக உழைத்தவருள் வென்ட் முன்னணியில் நின்றார். தாழ்த்தப்பட்ட மக்களின் உடலிலே தங்கியிருந்த ஒரு செல்வத்தை, அவ்வுடலின் மதிப்போடு சேர்த்தே அவருடைய கமரா காட்டிற்று. பிற்காலத்தில் அவ்வாட்டம் தேசியக் கலையாக உயர்த்தப்பட்டபோது, சாதியின் கதையை மெல்ல மறந்துவிட்ட அரசியலாரை இவ்விடத்தில் ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

இனி அவருடைய எல்லைகளுக்கு வருவோம்.

1934 இல் பசில் ரைட் என்ற ஆங்கில இயக்குநர் இலங்கையிற் படமாக்கிய ‘சோங் ஒஃப் சிலோன்’ விவரணப்பட வரலாற்றில் ஒரு மைல்கல். அதற்குப் பணம் அளித்தது தேயிலைப் பிரசார சபை. அப்படத்தில் ஒலிக்கும் குரல் வென்ட்டினுடையது. அவர் வாசிப்பது ரொபர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. நொக்ஸ் கண்டியரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாயிருந்த ஆங்கிலேயர். படத்தின் மூன்றாம் பகுதி வர்த்தகத்தின் குரல்களைப் பற்றியது. சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் ஒலிக்க, அவற்றின்கீழே இந்நாட்டு மக்கள் உழைப்பதைக் காண்கிறோம். ஏகாதிபத்திய வணிகத்தின் இயல்பை, தேயிலைச் சபையின் செலவிலேயே, இவ்வளவு நுட்பமாக உணர்த்திய படம் அக்காலத்தில் அரிது. எனினும் அப்படம் எங்கே சென்று முடிகிறது? வர்த்தகத்தின் இரைச்சலுக்கு மாற்றாக அது காட்டுவது புத்தர் சிலையின் அமைதியையும் கண்டி ஆட்டத்தின் ஆவேசத்தையுமே. தேயிலைக்காகப் பிறந்த படத்தில், தேயிலையை விளைவிக்கும் மக்கள் சில கணங்களிற் கடந்து போகின்றனர். அவர்களுக்கு ஊர் இல்லை, வழிபாடு இல்லை, ஆட்டம் இல்லை. நொக்ஸின் பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியில் அவர்களுக்கு இடம் இல்லாதது இயல்பு. ஆனால் 1934 ஆம் ஆண்டுக் கண்டியைக் காட்டுவதற்கு நொக்ஸின் கண் போதுமா?

வென்ட்டின் புகழை நிலைநாட்டிய படங்களிலும் இதே நிலைமைதான். அவர் நேசித்தது கிராமத்தை. காலத்தின் தீண்டல் பெறாத, தென்னையும் வயலும் விகாரையும் சூழ்ந்த கிராமத்தை. லயத்தையும் பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் தராசையும் அப்படங்களின் உலகம் பெரும்பாலும் அறியவில்லை.

அவர் கமராவோடு உலவிய அதே ஆண்டுகளில் இம்மலைகளில் என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1936 இல் மடுல்கெலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்துக்குப் பயிற்சித் துரையாக வந்த மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் நின்றார், வேலை இழந்தார், சமசமாஜக் கட்சியின் மேடைகளில் ஏறினார். 1937 இல் அவரை நாடுகடத்த ஆள்பதி பிறப்பித்த கட்டளை நாட்டையே உலுக்கிற்று. உயர்நீதிமன்றம் அக்கட்டளையைச் செல்லாதென்றது. 1940 ஜனவரி 10 ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் மூல்ஓயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்த வேளையில், கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். டெயிலர் முதற்றேயிலையை நட்ட லூல்கந்துர இருப்பதும் அப்பகுதியிலேதான். இந்நாட்டின் மிகச்சிறந்த கமரா வாழ்ந்த காலத்தில், கண்டியிலிருந்து சில மணி நேரத் தூரத்தில், இந்நாட்டின் மிகப்பெரிய தொழிலாளர் எழுச்சி நிகழ்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இவ்விடத்தில் நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். ஒரு கலைஞன் எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா? இல்லாததைச் சுட்டித் தண்டனை விதிப்பது விமரிசனமாகுமா? ஆகாது என்பதே நம் விடை. ஆனால் இல்லாமை எவ்வாறு உண்டாகிறது என்று கேட்பது விமரிசனத்தின் கடமையாகும்.

உலகப் புகழ்பெற்ற அமெரிக்க இயற்கைக் காட்சிக் கலைஞர் ஆன்சல் அடம்ஸ் இங்கே நமக்குத் துணை வருகிறார். 1902 இற் பிறந்து 1984 இல் மறைந்த இவர், யொசெமிற்றிப் பள்ளத்தாக்கின் பாறைகளையும் அருவிகளையும் கறுப்பு வெள்ளையிற் காவியமாக்கியவர். மனிதக் காலடி படாத கன்னி நிலமாக அப்பள்ளத்தாக்கு அவர் படங்களிற் காட்சியளிக்கிறது. அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களை 1851 இல் ஆயுதப்படை விரட்டியடித்த பின்னரே அது ‘கன்னி நிலம்’ ஆயிற்று. உலகம் சிதறிக்கொண்டிருக்கையில் அடம்ஸ் பாறைகளைப் படமெடுக்கிறாரே என்று பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் குறைபட்டதாகச் சொல்வதுண்டு. ஆயினும் அதே அடம்ஸ், இரண்டாம் உலகப் போரின்போது யப்பானிய வமிசத்து அமெரிக்கர் சிறைவைக்கப்பட்ட மன்சனார் முகாமுக்கு 1943 இற் சென்றார். மலைப்பின்னணியில் அம்மக்களின் முகங்களைப் படமெடுத்தார். அவர்களும் சம உரிமையுடைய குடிகளே என்று வாதிடும் நூலாக 1944 இல் வெளியிட்டார். மலையைக் காணப் பழகிய கண்ணால் மலையடிவாரத்து முள்வேலியையும் காண முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அவ்வாறாயின் காணாமை கலையின் இயல்பன்று. கலைஞன் நின்ற இடத்தின் விளைவேயாகும்.

வென்ட் நின்ற இடம் கொழும்பின் கறுவாத்தோட்டச் சூழல். வசதி அவருக்கு ஓய்வைத் தந்தது, கருவியைத் தந்தது, ஐரோப்பியக் கலையின் அறிவைத் தந்தது. அவ்வசதியே தோட்டத்து லயத்துக்கும் அவருக்கும் இடையே சுவரையும் எழுப்பிற்று. சிங்களக் கிராமத்தை மீட்டெடுப்பதே தேசியக் கலையின் பணி என்று கருதப்பட்ட அக்காலத்தில், தோட்டத் தமிழன் தேசத்துக்கும் புறத்தே, கிராமத்துக்கும் புறத்தே நின்றான். ஏகாதிபத்தியத்தை வெறுத்த கலைஞனின் கண்ணுக்கும் அவன் ஏகாதிபத்தியத்தின் சின்னமாகத் தோன்றினானேயன்றி, அதன் முதற்பலியாகத் தோன்றவில்லை.

வென்ட்டின் மற்றொரு பகுதிப் படங்களைக் குறித்தும் சொல்லியாக வேண்டும். ஆண் உடலை ஆடையின்றியும் அரையாடையிலும் அவர் பெருங் காதலோடு படமெடுத்தார். ஆண் ஆணை நேசிப்பதைக் குற்றமாக்கிய காலனித்துவச் சட்டத்தின்கீழ் இக்கலை பிறந்தது என்பதைப் பிற்கால ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். இதனை ‘நலிவுக் கலை’ என்று ஒதுக்கும் பழைய முற்போக்கு வழக்கம் நமக்கு வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட நேசம் ஒன்று அழகின் மூலம் தன்னிருப்பை அறிவித்தது என்பதை மதித்தே ஆக வேண்டும். அதே வேளையில், செல்வந்தர் ஒருவரின் கமரா முன் வந்து நின்றவர்களுள் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. மறுக்கும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு இருந்தது என்ற வினாவையும் கைவிடலாகாது. இரண்டையும் ஒருசேர மனத்திற் கொள்வதே நேர்மையான வாசிப்பு.

இவ்வினாவின் கடுமையை உணர்த்த வேறொரு சாட்சியம் உண்டு. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா 1929 இல் கொழும்புக்குக் கொன்சலாக வந்தார், வென்ட்டின் நண்பரானார். இறந்தபின் 1974 இல் வெளியான தமது நினைவுக் குறிப்புகளில் வென்ட்டை இந்நாட்டுப் பண்பாட்டு வாழ்வின் மையமெனப் போற்றினார். அக்குறிப்புகளிலேயே, தம் வீட்டு மலக்கூடத்தைத் துப்புரவாக்க வந்த தமிழ்ப் பெண்ணொருத்தியைத் தாம் பலவந்தப்படுத்தியதையும் எழுதிவைத்தார். அவளை அவர் வருணிப்பது சிலையாக. நம்மிற் பலர் நெஞ்சார நேசிக்கும் கவிஞர் அவர். ஆயினும் இதனை மறைத்து அவரைப் போற்றுதல் தகாது. உழைக்கும் பெண்ணை அழகிய சிலையாகக் காணும் கண், அவள் மறுப்பைக் காண மறந்துவிட முடியும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமா? வென்ட்டை இக்குற்றத்தோடு இணைப்பது நம் நோக்கமன்று. அழகு என்ற சொல்லை மட்டும் கொண்டு எக்கலையையும் அளக்க முடியாது என்பதே நாம் கூற வருவது.

வென்ட் இறந்து ஆறு ஆண்டுகளின்பின், 1950 இல், நண்பர்கள் அவருடைய படங்களைத் தொகுத்து ‘லயனல் வென்ட்டின் சிலோன்’ என்ற பெயரில் இலண்டனில் நூலாக வெளியிட்டனர். அவர் கலை இன்று உலகெங்கும் அறியப்படுவதற்கும், 2017 இல் ஆம்ஸ்ரடாமிற் கண்காட்சியாக வைக்கப்பட்டதற்கும் அத்தொகுப்பு இட்ட அடித்தளம் பெரிது. ஆனால் அந்நூலின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்கள் வாக்குரிமையும் பறிபோயிற்று. ‘சிலோன்’ என்ற தேசத்தின் எல்லைக்குள் யார் யார் அடங்குவர் என்று பாராளுமன்றம் தீர்மானித்த வேளையில், ‘சிலோன்’ என்ற தேசத்தின் முகத்தைக் காட்டும் நூல் ஒன்று அச்சேறியது. சட்டத்தில் விடுபட்டவர்களே படத்திலும் பெரும்பாலும் விடுபட்டனர். இதிற் சதி எதுவும் இல்லை. தேசத்தைப் பற்றிய ஒரே கற்பனையே இரண்டிலும் தொழிற்பட்டது. 1964 ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கடல்கடந்து அனுப்பத் தீர்மானித்தபோது, அவர்கள் வெட்டிய கானும் கட்டிய கல்லணையும் இங்கேயே தங்கின; படங்களில் அழகாய் விளங்கின. எஞ்சியிருந்த நாடற்றோரின் உரிமைக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆசிரியர்களான நமக்கு இது பழங்கதையாகாது. மலைநாட்டின் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு வகுப்பிற் கூறினால், மாணவர் “பச்சைக் கம்பளம் விரித்தாற்போல” என்று தொடங்குவர். எழுதும் பிள்ளையின் தாய் அவ்வேளையில் அக்கம்பளத்தின் நடுவே, அட்டைக் கடியோடும் முதுகுக் கூடையோடும், கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். கட்டுரையில் அவள் வருவதில்லை. பிள்ளைக்குத் தாய்மேல் அன்பு இல்லையா? உண்டு. ஆனால் அழகு என்று சொன்னவுடன் மனத்தில் எழுவது நாட்காட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் அச்சிட்ட படம். அப்படத்திலே தாய் தூரத்து நிறப்புள்ளி. அல்லது, துரையின் விளம்பரத்துக்காகச் சிரிக்கும் பெயரற்ற பெண். தன் வீட்டாரைத் தானே காண முடியாதபடி ஒரு பிள்ளையின் கண் பழக்கப்படுகிறது என்றால், அப்பழக்கத்தை மாற்றுவது இலக்கியப் பாடத்தின் வேலையும் ஆகும்.

அதற்கு வென்ட்டை விலக்க வேண்டியதில்லை. அவரிடமே கற்க வேண்டியவை பல. ஓரத்தில் நின்றவனை நடுவுக்குக் கொண்டுவரும் துணிவு, கரிய மேனியின் கம்பீரத்தைக் காணும் கண், படம் என்பது ஆக்கப்படுவது என்ற தெளிவு ஆகிய மூன்றும் அவர் விட்டுச்சென்ற உடைமைகள். அவற்றை அவர் செல்லாத இடத்துக்குக் கொண்டுசெல்வதே நம் கடன். 1953 டிசம்பரில் அவர் பெயரால் கொழும்பில் அமைந்த அரங்கு திறக்கப்பட்டபோது, முதலில் மேடையேறியது மக்சீம் கோர்க்கியின் ‘ஆழங்களில்’ என்ற நாடகம். சமுதாயத்தின் அடித்தட்டில் வீழ்ந்தோரின் கதை அது. வென்ட்டின் கமரா எட்டாத ஆழத்தை அவர் பெயரிலான மேடை முதல் நாளிலேயே தொட்டது என்பது பொருத்தமே.

மாணவர்களுக்கு நாம் கூறத்தக்கது இதுவே. ஓர் இயற்கைக் காட்சிப் படம் கையிற் கிடைத்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இக்காட்சியை ஆக்கியவர் யார்? படமெடுத்தவர் எங்கே நின்றார்? படத்தில் நிற்பவருக்குப் பெயர் உண்டா? பெயர் இல்லையெனில், உயிரோடிருக்கும் மூத்தோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். இன்று கமரா துரையின் கையில் மட்டும் இல்லை. லயத்துப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் உண்டு. மடுல்கெலையிலும் ஹேவாஹெட்டையிலும் தெல்தோட்டையிலும் கான் வெட்டியவரின் பேரர்கள் அம்மலைகளைத் தாங்களே படமெடுக்கட்டும். படத்தின் பின்புறத்தில் மலையின் பெயரோடு, அதிற் கவ்வாத்து வெட்டியவரின் பெயரையும் எழுதட்டும்.